புயல் கூண்டுக்குப் பின்னால் ஒரு கப்பல் கேப்டன்

ஐப்பசி பிறந்துவிட்டால் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: "கடலூர், நாகை, பாம்பன், தூத்துக்குடி துறைமுகங்களில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." சின்ன வயதில் கடலூர் துறைமுகத்தில் ஒரு தடவை அது ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உயரமான கம்பம். கயிற்றை இழுக்க இழுக்கக் கருப்பாக ஒன்று மேலே போனது. தூரத்தில் இருந்து பார்த்தால் கனத்த பெட்டி மாதிரி இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "கூண்டு ஏத்திட்டாங்க" என்றார். வலையை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு, படகை இன்னும் மேலே இழுத்துக் கட்ட ஆள் கூப்பிடப் போனார்.

அவர் எதையும் வாசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. வானத்துக்கு எதிரே கருப்பாக ஒரு வடிவம் தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. இப்படி ஒரு வடிவத்தைக் கம்பத்தில் ஏற்றிக் கடலோடிகளை எச்சரிக்கும் முறையை ஒரு நாட்டின் கரை முழுவதும் முதலில் நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. டார்வினை ஏற்றிக்கொண்டு போன பீகிள் கப்பலின் கேப்டன் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அது அவருக்குப் போதாத பெயர் என்று நினைக்கிறேன்.

ஃபிட்ஸ்ராய் 1805-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தார். அரசர் இரண்டாம் சார்லஸின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் வழி வந்த குடும்பம் அது. ஃபிட்ஸ்ராய் என்ற பெயருக்கே அரசனின் மகன் என்று பொருள். 12 வயதில் போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1824-ல் லெப்டினன்ட் தேர்வு எழுதி முழு மதிப்பெண் வாங்கினார். அதுவரை அந்தத் தேர்வில் யாரும் முழு மதிப்பெண் வாங்கியதில்லை. நல்ல குடும்பம், நல்ல மூளை, சலுகை காட்டக்கூடிய உறவுகள். ஆனால் பீகிள் கப்பல் அவர் கைக்கு வந்தது ஒரு சாவின் வழியாக.

தென் அமெரிக்காவின் தெற்கு முனையை அளந்து வரைபடம் போடப் பீகிளை அனுப்பியிருந்தார்கள். அங்கே கோடை என்று சொல்லிக்கொள்ளும் மாதங்களிலேயே பனி விழும். ஓயாத காற்று, ஓயாத மழை. மகெல்லன் நீரிணையில் பசித் துறைமுகம் என்றே பெயர் வாங்கிய ஓர் இடத்தில், 1828 ஆகஸ்டில், கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ் மனம் உடைந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய இடத்துக்கு அட்மிரல் ஆட்வே அனுப்பியது தன் உதவியாளராக இருந்த ஃபிட்ஸ்ராயை. வயது 23.

பதவி ஏற்று ஆறு வாரம் இருக்கும். 1829 ஜனவரி 30. கப்பல் உருகுவே கரையில் மல்டொனாடோ அருகே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பாம்பெரோ என்றொரு காற்று உண்டு. புல்வெளிகளைத் தாண்டி நிலத்தின் பக்கமிருந்து சட்டென்று வந்து அறையும். அது வருமுன் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் இறங்கும், வெக்கை கூடும், மேகம் ஒரு தினுசாகத் திரளும். அன்று எல்லாமே தெரிந்தன. பாரோமீட்டரில் பாதரசம் இறங்கியும் இருந்தது. புது கேப்டன் அதற்கு உரிய மதிப்புக் கொடுக்கவில்லை. பாய்களைச் சுருட்டுவதற்குள் காற்று வந்துவிட்டது. கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது, பாய்மரங்களின் மேல்பாகம் முறிந்தது, மேலே ஏறியிருந்த இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்து போனார்கள்.

கடற்படைக் கணக்கில் இரண்டு பேர் என்பது பெரிய இழப்பில்லை. ஆனால் ஃபிட்ஸ்ராய் அந்தத் தவற்றைத் தன்மேல் போட்டுக்கொண்டார். கருவி சொன்னது, தான் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாமே இந்த ஒரு நாளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டே போன மாதிரி எனக்குத் தெரிகின்றன.

அதே பயணத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1830-ல் தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள தியரா தெல் ஃபுவேகோ தீவுவாசிகள் கப்பலின் ஒரு படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படகை மீட்க ஃபிட்ஸ்ராய் ஆட்களைப் பிணையாகப் பிடித்தார். படகு கிடைக்கவில்லை, நான்கு பேர் கப்பலிலேயே இருந்தார்கள், இங்கிலாந்துக்கும் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் ஒரு சிறுவனுக்கு விலையாக ஒரு முத்துச்சிப்பிப் பொத்தானைக் கொடுத்தார்கள் என்பதால் அவனுக்கு ஜெமி பட்டன் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு சிறுமிக்கு ஃபுவேஜியா பாஸ்கெட் என்று பெயர். நால்வரில் ஒருவர் பெரியம்மையில் இறந்தார். மற்ற மூவருக்கும் ஆங்கிலமும் பைபிளும் கற்றுக்கொடுத்தார்கள், அரசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஃபிட்ஸ்ராய் நல்ல எண்ணத்தோடு செய்தார், செலவையும் தானே ஏற்றார். ஆனாலும் அது ஆள்கடத்தல்தான். நல்ல எண்ணம் அதை மாற்றிவிடாது. அவர்களை ஊர் திரும்பச் சேர்ப்பேன் என்று கொடுத்த வாக்கு அவரை உறுத்திக்கொண்டிருந்தது. கடற்படை தயங்கியபோது சொந்தப் பணத்தில் ஒரு கப்பலை வாடகைக்கே பேசிவிட்டார். அப்புறம்தான் பீகிளை மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்கள்.

1831 டிசம்பர் 27 முதல் 1836 அக்டோபர் 2 வரை நடந்த அந்தப் பயணத்தில்தான் 22 வயது டார்வின் வருகிறார். ஸ்டோக்ஸுக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்துவிடுமோ என்ற பயம் ஃபிட்ஸ்ராய்க்கு இருந்தது. அவருடைய தாய்மாமன், பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த காசில்ரே, 1822-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். கேப்டன் மாலுமிகளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, பழகக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். ஐந்து வருடம் தனியாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. பேச்சுத்துணைக்கு ஒரு படித்த ஆள் வேண்டும் என்று கேட்டார். உலக அறிவியலையே புரட்டிப்போட்ட அந்தப் பயணத்தில் டார்வினுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. நீளம் 90 அடி, அவ்வளவே. இந்த வகைக் கப்பல்கள் அடிக்கடி மூழ்கியதால் மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டி என்றே கூப்பிட்டார்கள். ஃபிட்ஸ்ராய் புறப்படுமுன் மேல்தளத்தை உயர்த்தினார், பாய்மரங்களில் இடிதாங்கி பொருத்தினார், 22 குரோனோமீட்டர் கடிகாரங்களை ஏற்றினார். ஆறு கடிகாரங்கள் அவருடைய சொந்தக் காசில் வாங்கியவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளவே ஒரு கருவி நிபுணரைத் தன் சம்பளத்தில் வைத்துக்கொண்டார்.

இத்தனை கடிகாரம் எதற்கு? கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க, புறப்பட்ட இடத்தின் நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். பூமி ஒரு டிகிரி சுற்ற நான்கு நிமிடம் ஆகிறது. ஆகவே நிலநடுக்கோட்டில் கடிகாரம் ஒரு வினாடி தப்பினால் வரைபடத்தில் இடம் ஏறக்குறைய 460 மீட்டர் தள்ளிப்போகும். ஒரு கடிகாரம் பொய் சொன்னால் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். உலகத்தை முழுதாகச் சுற்றி வந்தால் இடத்துக்கு இடம் வரும் நேர வித்தியாசங்களின் கூட்டுத்தொகை சரியாக 24 மணி நேரம் வர வேண்டும். கூட்டிப் பார்த்தபோது மொத்தத்தில் 33 வினாடிதான் கூடுதலாக வந்தது. ஐந்து வருடம் புயலிலும் வெயிலிலும் ஆடிய கடிகாரங்கள்! அவர் போட்ட வரைபடங்களைக் கப்பல்கள் அடுத்த நூற்றாண்டு வரைக்கும் பயன்படுத்தின.

1833 ஜனவரி 13-ம் தேதி கேப் ஹார்ன் அருகே மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது அலையில் கப்பலின் ஒரு பக்கம் முழுதாகத் தண்ணீருக்குள் போனது, ஒரு படகு உடைந்தது. பக்கத் துவாரங்கள் திறக்கப்பட்டு நீர் வடிந்த பிறகு கப்பல் மெல்ல நிமிர்ந்தது. அன்று யாரும் சாகவில்லை. நான்கு வருடத்துக்கு முன் மல்டொனாடோவில் சாய்ந்ததும் இதே கப்பல்தான், இதே கேப்டன்தான்.

அவரோடு பழகுவது எளிதில்லை. காலையில் கேப்டனுடைய மனநிலை எப்படி என்று தெரிந்துகொள்ள இளம் அதிகாரிகள், "இன்றைக்கு சூடான காபி நிறைய ஊற்றியாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். பிரேசிலில் அடிமை முறையைப் பற்றி டார்வினோடு பெரிய சண்டை. ஃபிட்ஸ்ராய் கோபத்தில் கத்தினார், சில மணி நேரத்தில் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டார். அந்த விஷயத்தில் நியாயம் டார்வின் பக்கம்தான். ஆனால் வேலை என்று வந்தால் ஃபிட்ஸ்ராய் தன்னையே செலவழிப்பவர். ஒரு கப்பலால் இவ்வளவு கரையை அளக்க முடியாது என்று ஃபாக்லாந்து தீவில் சுமார் 1,300 பவுண்டு கொடுத்து இன்னொரு கப்பலை வாங்கினார். கடற்படைத் தலைமை பணம் தர மறுத்துவிட்டது. விற்க வேண்டியதாயிற்று. அந்த அடியில் அவர் நொறுங்கிப்போய், பதவியை விட்டு விலகுவதாகவே 1834-ல் சொல்லிவிட்டார். துணை அதிகாரிதான் பேசிப் பேசி மனதை மாற்றினார்.

ஜெமி பட்டனைத் திரும்பப் பார்த்த காட்சி ஒன்று உண்டு. ஊரில் விட்டுவிட்டுப் போய், ஒரு வருடம் கழித்து 1834-ல் பீகிள் அங்கே வந்தபோது, ஒரு சின்னப் படகில் மெலிந்த, தலைமுடி வளர்ந்த, இடுப்பில் ஒரு தோல் துண்டு மட்டும் கட்டிய ஆள் வந்தான். பளபளக்கும் பூட்ஸ் போட்டு வலம் வந்த ஜெமிதான் என்று தெரிய நேரம் ஆனது. கேப்டனோடு உட்கார்ந்து பழைய மரியாதையோடு சாப்பிட்டான். திரும்ப இங்கிலாந்து வருகிறாயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். அவனுக்கு மனைவி இருந்தாள். கப்பல் போகும்போது கரையில் தீ மூட்டி விடைகொடுத்தான். அவனுக்கு எது நல்லது என்று கேப்டன் முடிவு செய்ய வேண்டிய தேவையே இருந்ததில்லை என்பது அந்த வேண்டாம் என்ற ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

இங்கிலாந்து திரும்பிய பிறகு தங்கப் பதக்கம், 1841-ல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி எல்லாம் வந்தன. 1843-ல் நியூசிலாந்துக்கு ஆளுநராகப் போனார். அதற்கு முன்பே வைராவ் என்ற இடத்தில் நிலத்தகராறில் வெள்ளைக் குடியேறிகள் 22 பேரும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் சிலரும் செத்திருந்தார்கள். ஃபிட்ஸ்ராய் இரண்டு தரப்பையும் விசாரித்து, விற்கப்படாத நிலத்தை அளக்கப் போனது குடியேறிகளின் தவறு என்று சொல்லிவிட்டார். மாவோரித் தலைவர்களைத் தண்டிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் எடுத்த துணிச்சலான முடிவுகளில் அது ஒன்று. குடியேறிகள் அவரை மன்னிக்கவே இல்லை. கஜானாவும் காலி, வடக்கே மாவோரிகளோடு சண்டையும் மூண்டது. 1845-ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கடற்படையில் மறுபடி சில காலம் வேலை பார்த்து, உடல்நலம் காரணமாக 1850-ல் விலகினார்.

45 வயதில் முடிந்துபோனதாகத் தோன்றிய இந்த வாழ்க்கையின் உண்மையான பகுதி 1854-ல்தான் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் பிரிட்டிஷ் அரசின் வர்த்தக வாரியம் ஒரு சின்ன அலுவலகத்தைத் திறந்து அவரைத் தலைவராக்கியது. கூட வேலை செய்ய மூன்று பேர். கப்பல்களில் இருந்து வரும் காற்று, அழுத்தக் குறிப்புகளைச் சேர்த்து அட்டவணை போடுவது மட்டும்தான் வேலை. கடல் வானிலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்றைய பிரிட்டிஷ் வானிலைத் துறையின் தொடக்கம் இந்த அலுவலகம்தான்.

ஃபிட்ஸ்ராய் அட்டவணையோடு நிற்கவில்லை. பாரோமீட்டர் வாங்க வசதியில்லாத மீனவர் ஊர்களில் அரசுச் செலவில் அதை வைக்க ஏற்பாடு செய்தார். படகுத்துறைக்குப் பக்கத்தில், யாரும் வந்து பார்க்கும்படி. எளிமையான, உறுதியான கருவி. எப்படிப் படிப்பது என்று ஒரு கையேடும் எழுதினார். மாலுமிகள் வாய்வழி சொல்லிவந்த வாசகங்களையும் அதில் சேர்த்தார். அவற்றில் ஒன்றின் சாரம் இது: நெடுநேரம் முன்னதாக அறிகுறி காட்டி வரும் காற்று நெடுநேரம் நிற்கும், திடீரென்று வருவது சீக்கிரம் போகும். மல்டொனாடோவில் கப்பலுக்குள் இருந்தும் யாரும் மதிக்காத அதே கருவியை அவர் இப்போது படகுத்துறையில் கொண்டுபோய் மாட்டினார்.

1859 அக்டோபர் 25, 26. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்து தங்கம் தோண்டிச் சம்பாதித்தவர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூல் திரும்பிய ராயல் சார்ட்டர் என்ற கப்பல், வீடு எட்டுகிற தூரத்தில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவுப் பாறைகளில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். அந்த ஒரு புயலில் பிரிட்டனைச் சுற்றி 133 கப்பல்கள் போயின, செத்தவர்கள் மொத்தம் 800 பேர் அளவில். ஃபிட்ஸ்ராய் கலங்கரை விளக்கங்களில் இருந்தும் கப்பல்களில் இருந்தும் குறிப்புகளை வரவழைத்து அந்தப் புயலை மணிக்கு மணி வரைபடத்தில் போட்டார். காற்று சுழன்று வந்திருந்தது, நகர்ந்தும் வந்திருந்தது. அதாவது ஒரு ஊரை அடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தது. புயலைவிடத் தந்தி வேகமானது. முதல் ஊர் தந்தி அடித்தால் அடுத்த ஊர் தப்பிக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் இன்றைக்கும் புயல் எச்சரிக்கையின் எலும்புக்கூடு இதுதான். செயற்கைக்கோளும் கணினியும் வந்தன, ஆனால் புயலுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற ஓட்டம் மாறவில்லை.

1861 பிப்ரவரியில் எச்சரிக்கைகள் தொடங்கின. கரையோர நிலையங்கள் காலையில் லண்டனுக்குத் தந்தி அனுப்பும். ஃபிட்ஸ்ராய் பார்த்து, ஆபத்து என்றால் அந்தத் துறைமுகத்துக்குத் திருப்பித் தந்தி அடிப்பார். அங்கே கம்பத்தில் கருப்புக் கான்வாஸ் போர்த்திய கூம்பு ஏறும். முனை மேலே இருந்தால் வடக்குக் காற்று, நம் கடற்கரையில் சொல்கிற வாடை. முனை கீழே இருந்தால் தெற்கில் இருந்து வரும் காற்று. உருளை ஏறினால் காற்று ஒரு திசையில் நிற்காமல் மாறி மாறி அடிக்கும். உருளையும் கூம்பும் சேர்ந்தால் பெருங்காற்று. கொடியைவிட இது மேல். கொடி காற்றில்லாத நேரம் தொங்கிவிடும், நிறம் தூரத்தில் தெரியாது. கூம்பை எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் கூம்பாகவே தெரியும். இரவில் அதே வடிவத்தில் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள்.

அந்த ஆகஸ்ட் 1-ம் தேதி டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வந்தது. நாளைய மழையைச் சொல்வது அப்போது பஞ்சாங்கக்காரர்களும் சோதிடர்களும் செய்கிற வேலை. அதனால் ஃபிட்ஸ்ராய் சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார். இது தீர்க்கதரிசனம் இல்லை, அளவுகளைச் சேர்த்துக் கணித்துச் சொல்கிற கருத்து என்று விளக்கினார். நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் முன்னறிவிப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வானிலைக்குப் பழக்கியவர் அவரே.

பல நாள் தவறிப்போனது, பத்திரிகைகள் கேலி செய்தன. தந்திச் செலவு என்று அரசுக்குள் முணுமுணுப்பு. அறிவியல் அறிஞர்களோ, விதி தெரியாமல் விளைவைச் சொல்வதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வளிமண்டலத்தின் இயற்பியல் அப்போது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விதி முழுதாகத் தெரியும்வரை மாலுமிகள் சாகாமல் காத்திருப்பார்களா? ஃபிட்ஸ்ராய் அந்தப் பக்கம் நின்றார். நானும் அந்தப் பக்கம்தான்.

இதற்கு நடுவே இன்னொரு வேதனை. 1860-ல் ஆக்ஸ்ஃபோர்டில் புயல்களைப் பற்றிக் கட்டுரை படிக்கப் போனவர், அங்கே டார்வினின் கொள்கையைப் பற்றி நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் எழுந்து, பைபிளைத் தூக்கிக் காட்டிக் கடவுளை நம்புங்கள் என்று கெஞ்சினார். சபை அவரைக் கேட்கவில்லை. பக்தி கூடிக்கொண்டே போன அந்த மனிதருக்கு, தான் சுமந்து போன பயணியே தன் நம்பிக்கையை அசைத்துவிட்டார் என்ற துயரம் கடைசிவரை இருந்தது. காது மங்கியது, உடல் தளர்ந்தது, பழைய மனச்சோர்வு திரும்பியது. கைப்பணம் எல்லாம் பொதுக்காரியத்தில் கரைந்திருந்தது. 1865 ஏப்ரல் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் வீட்டில் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 59. குடும்பத்துக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

ஒரு குழு உட்கார்ந்து அவருடைய முறைகளை ஆராய்ந்தது. முன்னறிவிப்புக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. 1866 முடிவில் புயல் எச்சரிக்கையும் நின்றது. அப்போது எதிர்ப்புக் குரல் எழுந்தது துறைமுகங்களில் இருந்து. கூம்பைப் பார்த்துப் பழகியவர்கள் கூம்பு வேண்டும் என்றார்கள். ஓரிரு வருடத்துக்குள் எச்சரிக்கை திரும்பி வந்தது. அவரோடு நின்றுபோன பத்திரிகை முன்னறிவிப்பு 1879-ல்தான் திரும்பி வந்தது.

நம் பக்கத்துக் கதையும் அதே காலத்தில்தான் நடக்கிறது. சைக்ளோன் என்ற சொல்லை, சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து 1840-களில் உண்டாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொன்று. ஃபிட்ஸ்ராய் இறந்த அதே 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்திய வானிலைத் துறை 1875-ல் தொடங்கியது. இன்று நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்கள் இருக்கின்றன. பகலில் ஏறுவது கூம்பும் உருளையும்தான், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள்.

ஸ்பெயின் கரைக்கு அப்பால் ஃபினிஸ்டெர் என்றிருந்த கடற்பகுதிக்கு 2002-ல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். பிரிட்டிஷ் வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை தினமும் வாசிக்கப்படுகிறது. பிஸ்கே, ஃபிட்ஸ்ராய், சோல், லண்டி என்று பெயர்கள் வரும். பெயருக்குப் பின் காற்றின் திசை, அப்புறம் வேகத்துக்கு ஒரு எண். அந்த பியூஃபோர்ட் எண்ணை ஒரு முழுப் பயணத்தில் முதன்முதலாக அதிகாரபூர்வமாகப் பயன்படுத்திப் பார்த்ததும் பீகிள் கப்பலில்தான்.